டயரின் ஓரத்தில் எழுதியிருந்தது

சென்ற சித்திரையில் என் மாமனாரும் மாமியாரும் உம்ராவை நிறைவேற்றித் திரும்பினார்கள். அவர்களை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. துபாயில் பணிபுரியும் என் மைத்துனருக்குச் சொந்தமான ஏழு இருக்கை வண்டி ஒன்று கீழக்கரையில் ஓலைக் கொட்டகையின் கீழ் ஆண்டின் பெரும்பகுதி ஓடாமலே நிற்கும். "நம்ம வண்டிதானே மச்சான், எடுத்துட்டுப் போங்க" என்று அவர் தொலைபேசியில் சொன்னார். நான், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐவராகக் காலையில் புறப்பட்டோம்.

பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓடியபின் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றைப் பார்க்கச் சொன்னேன். அந்த அளவுக்காவது எனக்குப் பொறுப்புணர்வு இருந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். காற்று பிடிக்கும் தம்பி கருவியைப் பொருத்திப் பார்த்தார். நான்கு சக்கரங்களிலும் முப்பத்து மூன்று காட்டியது. "வெயில் காலம் ஆலிம்சா, காத்து சூட்டுல விரியும். இருபத்தெட்டு வெச்சாப் போதும்" என்றார். காற்று சூட்டில் விரியும் என்பது உண்மைதானே! தலையசைத்தேன். நான்கிலும் காற்றை இறக்கினார். பத்து ரூபாய் கொடுத்து, அவருக்காக துஆவும் செய்துவிட்டுப் புறப்பட்டேன். நான் கேட்ட அறிவுரைகளில் அதைப் போல் அன்போடு சொல்லப்பட்ட தவறான அறிவுரை வேறு இல்லை.

விமான நிலையத்தில் லுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு ஊர் திரும்பினோம். இப்போது வண்டியில் எழுவர். பின்புறம் பெட்டிகள், பேரீச்சம்பழப் பொதிகள், ஐந்து லிட்டர் ஜம்ஜம் கேன்கள் இரண்டு. புதுக்கோட்டையைக் கடந்து, திருமயம் கோட்டை கண்ணில் படும் தொலைவில் வந்துகொண்டிருந்தபோது பின்புறம் வேட்டுப் போட்டதுபோல் ஓர் ஓசை. அடுத்த நொடி வண்டியின் வால்பகுதி இடமும் வலமுமாக வீசத் தொடங்கியது. எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. கடைக்குட்டி மகள் மூன்றாம் வரிசையில், வெடித்த சக்கரத்துக்கு நேர் மேலே, பாட்டியின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

டயர் வெடித்தால் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்ட வேண்டும். இதைப் பின்னால்தான் அறிந்தேன். அன்று நான் பிரேக்கை மிதிக்காதது அறிவினால் அன்று. கால் மரத்துப்போயிருந்தது என்பதே உண்மை. லாரி கடந்து சென்றது. வண்டி ஒரு புளியமரத்தருகே நின்றது. ஒருவருக்கும் சிறு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். "ஜம்ஜம் தண்ணி வண்டியில இருக்கு, நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று மாமி அழுதுகொண்டே சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டெப்னியை இறக்கினேன். கட்டைவிரலால் அழுத்தியபோது உள்வாங்கியது. ஆண்டுக்கணக்கில் எவரும் அதற்குக் காற்றே பிடிக்கவில்லை. (நாம் அன்றாடம் சொல்லும் இச்சொல் ஒரு தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டு இந்த மாற்றுச் சக்கரத்தை உருவாக்கி விற்றார்கள். அவர்கள் நாட்டில் அப்பெயர் மறைந்துபோக, நம் நாட்டில் அது நிலைத்துவிட்டது.)

வழிப்போக்கர் ஒருவர் சொல்லியனுப்ப, அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். அறுபது வயதிருக்கும். ஸ்டெப்னியை எடுத்துச் சென்று காற்றடைத்துக் கொண்டுவந்து மாட்டினார். மெதுவாக ஓட்டி அவர் கடைக்குச் சென்றோம். வெடித்த டயரை டிஸ்க்கிலிருந்து பிரித்து என்முன் விரித்துக் காட்டினார். உட்புறமெங்கும் கரிய பொடி, சுருமாவைப் போல் அப்பிக் கிடந்தது. பக்கச்சுவர் சுற்றிலும் மடிப்பு விழுந்து பிளந்திருந்தது.

"பாய், இது ஆணி குத்தி வெடிச்சதில்ல. காத்துக் கம்மியா ஓடி, உள்ளுக்குள்ளேயே அரைபட்டு வெடிச்சது. எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"இருபத்தெட்டு. வெயிலுக்காகக் குறைச்சோம்."

அவர் என் குடும்பத்தாரை ஒருமுறை எண்ணினார். பெட்டிகளைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். உள்ளங்கையளவு ஒட்டி ஒன்று அங்கிருந்தது. நான் எத்தனையோ முறை திறந்து மூடிய கதவு அது. ஒருமுறையும் குனிந்து பார்த்ததில்லை. ஓரிருவர் பயணம் செய்தால் முன்னும் பின்னும் 33, முழுப் பாரம் ஏற்றினால் பின்சக்கரங்களுக்கு 36 என்று அதில் படத்தோடு அச்சிட்டிருந்தது.

அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்துத் தெளிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்று. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைத்த இடம் சுடுமல்லவா? அதுபோல் டயரும் உள்ளிருந்தே சூடேறுகிறது. ஆகவே வெயிலுக்கு அஞ்சிக் காற்றைக் குறைப்பவர் டயரைக் குளிர்விக்கவில்லை. அதன் சூட்டைப் பெருக்குகிறார். வெயிலில் காற்று விரிந்து அழுத்தம் கூடுவது உண்மையே. டயர் செய்தோரும் வண்டி செய்தோரும் அந்த ஏற்றத்தையும் கணக்கிட்டே அளவைக் குறித்திருக்கிறார்கள். அதில் நாம் ஒரு கழித்தல் கணக்கைப் புதிதாகப் போடத் தேவையில்லை.

இன்னொரு தவறும் நடந்திருந்தது. ஒட்டியில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. அதாவது மூன்று மணிநேரமாவது ஓடாமல் நின்ற, அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டிக்கு. வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்று கூடும்; நன்றாக ஓடிச் சூடேறிய டயரில் நான்கைந்து கூடுதலாகக் காட்டுவது இயல்பு. பங்கில் முப்பத்து மூன்று காட்டியபோதே அதன் உண்மையான அளவு முப்பதுக்குச் சற்று முன்பின்னாக இருந்திருக்கும். அதிலிருந்து ஐந்தைக் கழித்தோம். குளிர்ந்த நிலையில் வைத்துப் பார்த்தால் நாங்கள் இருபத்தைந்தை ஒட்டிய அளவில், எழுவரையும் பெட்டிகளையும் சுமந்து, தார் உருகும் சாலையில் ஓடியிருக்கிறோம். வெடித்ததில் வியப்பில்லை. திருமயம் வரை தாங்கியதுதான் வியப்பு.

பெரியவர் ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். கறுப்பின் மேல் கறுப்பாகப் புடைத்திருந்த எழுத்துகள் தெளிந்தன: 185/65 ஆர்15 88எச்.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள 65 என்பது மில்லிமீட்டர் அன்று, விழுக்காடு. அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பக்கச்சுவரின் உயரம். வாரிசுரிமைப் பங்குகளைக் கணக்கிட்டுப் பழகிய எனக்கு இது எளிதாகவே இருந்தது: 185இல் 65 விழுக்காடு என்றால் நூற்றிருபது மில்லிமீட்டர். 'ஆர்' என்பதை ஆரம் என்று எண்ணியிருந்தேன்; பலரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். அது ரேடியல் என்பதன் முதலெழுத்து. டயரின் உள்ளிழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்காக, நேராகச் செல்லும் அமைப்பு அது. பிரெஞ்சு நிறுவனமான மிஷெலின் 1946இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. 15 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவைகள்! எவர் இப்படிக் கலந்தாரோ, பிள்ளைகள் விடைத்தாளில் எழுதினால் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

அடுத்து வரும் 88தான் எங்கள் உயிரோடு தொடர்புடைய எண். அது கிலோ அன்று. ஒரு பட்டியலின் வரிசை எண். அப்பட்டியலில் 88 என்றால் 560 கிலோ. உரிய அழுத்தத்தில் காற்று இருக்கும்போது அந்த ஒரு டயர் சுமக்கக்கூடிய உச்ச எடை அது. 85 என்றிருந்தால் 515 கிலோ. 91 என்றால் 615. காற்று குறையும்போது அந்தத் தாங்கும் திறனும் குறைந்துகொண்டே வரும். எண் டயரில் மாறாமல் இருக்கும், வலு மாறிவிடும். இறுதியிலுள்ள 'எச்' வேகத்தின் குறி, மணிக்கு 210 கிலோமீட்டர். 'டி' என்றால் 190. நம் சாலைகளில் எவரும் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனால் டயர் மாற்றும்போது வண்டியில் முன்பிருந்ததைவிடக் குறைந்த பார எண்ணோ வேகக் குறியோ உள்ள மலிவான டயரைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள இவை உதவும்.

அதே பக்கச்சுவரில் 'மேக்ஸ் பிரஷர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அருகில் 44 என்றும் இருந்தது. நம்மில் சிலர் இதைப் பார்த்துவிட்டு அந்த அளவுக்குக் காற்றை நிரப்பிவிடுகிறார்கள். அது டயர் பொறுக்கும் எல்லை. வண்டிக்கு வேண்டிய அளவு அன்று. வேண்டிய அளவு டயரில் எழுதப்படுவதே இல்லை. ஒரே டயர் பலவகை வண்டிகளுக்கு மாட்டப்படுவதால் அதை வண்டிதான் சொல்ல முடியும். கதவோரத்திலோ, சில வண்டிகளில் எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, கையேட்டிலோ. அளவுக்கு மேல் நிரப்பினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும், பிடிப்புக் குறையும், பள்ளங்களில் அடி பலமாக விழும். குறைத்து ஓட்டினால் இரு ஓரங்களும் தேயும். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஒருவர் எவ்வளவு காற்று வைத்து ஓட்டினார் என்று பெரியவர் சொல்லிவிடுவாராம்.

"பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்று நான் கேட்டேன். இருந்தது. பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் உண்டு; அவை இருக்குமிடத்தைக் காட்டப் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ முக்கோணமோ பொறித்திருக்கும். 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள அம்மேடுகளுக்குச் சமமாக டயர் தேய்ந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. எங்கள் டயர் அந்த மேட்டுக்கு வெகு உயரத்தில், புதிதுபோல் இருந்தது.

பெரியவர் டயரைத் திருப்பினார். டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட எழுத்துவரிசையின் முடிவில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1416. "இதப் படிங்க பாய்." விலையா, மாடல் எண்ணா என்று விழித்தேன். 2016ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருளாம். ஒன்பது வயது. ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடைகிறது. வெப்பமும் காற்றும் அதன் நெகிழ்ச்சியைக் குறைத்துவிடுகின்றன. கடற்கரைக் கொட்டகையில், காற்றிறங்கி, ஒரே இடத்தில் அழுந்தி நின்ற டயர் அது. பட்டன்களின் அடியில் தலைமுடிபோன்ற விரிசல்களை அவர் நகத்தால் விரித்துக் காட்டினார். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் காட்டிச் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது என்று டயர் நிறுவனத்தார் சொல்வதுண்டு. வண்டி நிறுவனத்தார் பலர் ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கிறார்கள். ஒரு செய்தி: இந்த நான்கு இலக்கங்கள் சில வேளை டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் வண்டிக்கடியில் குனிந்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

"நீங்க என்ன வேலை பாய்?"

"மத்ரஸாவுல பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன்."

"எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் குத்திக்காட்டவில்லை, எனக்குத்தான் குத்தியது. ஒரு புள்ளி மேலேறினால் ஓரெழுத்து, கீழிறங்கினால் வேறெழுத்து என்று பத்தொன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் விரலைப் பிடித்துக் காட்டி வருகிறவன் நான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். என் பிள்ளைகள் அமர்ந்திருந்த வண்டியின் காலில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மீதி டயர்களும் அதே வயதினவே. அவற்றுக்கு 36 வரை காற்றடைத்து, ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டிச் சென்று, காரைக்குடியில் இரண்டு புதிய டயர்களை வாங்கினோம். அங்கே பின்சக்கரங்களுக்கே புதியதை மாட்டச் சொன்னார்கள். பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டியை மீட்பது கடினம். வால்பகுதி வீசியதை நேரில் கண்ட எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. நைட்ரஜன் நிரப்பட்டுமா என்று கேட்டார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். ஈரமற்றது, சற்று மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் அதை அடைத்துவிட்டோம் என்று மாதக்கணக்கில் பார்க்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றைத் தவறாமல் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. மற்ற இரண்டையும் ஸ்டெப்னியையும் அடுத்த வாரம் மாற்றினேன். மைத்துனர் பணத்தை வாங்க மறுத்தார். "விடுங்க மச்சான், டயர் பழசு, உங்க தப்பில்ல" என்றார். டயர் பழையது என்பது சரி. இரவல் வாங்கியவன் நான்; காற்றை இறக்கத் தலையசைத்தவனும் நான். வண்டியும் என்னிடம் அமானிதம், அதில் ஏறியவர்களும் அமானிதம். பாதித் தொகையையாவது ஏற்கும்படி அவரை இசையவைக்க ஒரு மாதமாயிற்று.

ஊர் திரும்பிய மறுநாள் காலை மத்ரஸாவுக்குப் போனதும் என் கண் நேரே எங்கள் வேனின் சக்கரங்களுக்குத்தான் சென்றது. தொலைவிலுள்ள தெருக்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் சிறிய வேன். எட்டுப் பேருக்கான இடத்தில் பதினான்கு பிள்ளைகள் வருவார்கள். சிறுபிள்ளைகள்தானே, எடை என்ன இருக்கப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வோம். ஈரத்துணியோடு குனிந்தேன். பின்சக்கரங்களில் 'எல்.டி.' என்றும் '8பி.ஆர்.' என்றும் இருந்தன: பாரம் ஏற்றும் வண்டிக்கான வலுவுள்ள டயர்கள். முன்சக்கரம் ஒன்றில் அவை இல்லை. சாதாரணக் கார் டயரை யாரோ மாட்டியிருந்தார்கள். மற்றொரு முன்சக்கரம் ரீபட்டன் போட்டது. அதன் பிறந்த தேதியே தேய்ந்துபோயிருந்தது. கதவோரத்து ஒட்டி உரிந்து விட்டதால் கையேட்டைத் தேடியெடுக்க வேண்டியதாயிற்று.

வேன் ஓட்டும் காக்காவுக்குக் கோபம் வந்தது. "ஆலிம்சா, இருபது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா?" என்றார். உண்மைதான், அவரைப்போல் நிதானமாக ஓட்டுபவர் ஊரில் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. திருமயத்திலிருந்து கொண்டுவந்திருந்த டயர்த்துண்டை அவர் கையில் கொடுத்தேன். உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார், விரல் கறுத்தது. நிர்வாகிகளிடம் அவரே என்னுடன் வந்து பேசினார். இரண்டு டயர்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. பிள்ளைகளை இரண்டு நடையாக ஏற்றிவர வேண்டும் என்ற கோரிக்கைக்கு, டீசல் செலவைக் காட்டி, இன்னும் முழு ஒப்புதல் கிடைக்கவில்லை. இப்போது பதினொருவர் வருகிறார்கள். மூவரை நான் என் இருசக்கர வண்டியில் இரண்டு முறை சென்று அழைத்து வருகிறேன். இது தீர்வு அன்று என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்பேன்.

சனிக்கிழமை தோறும் ஃபஜ்ருக்குப் பின், வேன் புறப்படுமுன், சில நூறு ரூபாய்க்கு வாங்கிய காற்றளவுக் கருவியோடு பெரிய மாணவர்கள் இருவர் வருகிறார்கள். ஒருவன் வால்வில் பொருத்திப் படிப்பான். மற்றவன் குறிப்பேட்டில் எழுதுவான். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து எண்கள். சென்ற வாரம் இடது பின்சக்கரம் மட்டும் முந்தைய வாரத்தைவிட மூன்று குறைந்திருந்தது. வால்வு மூடியையும் காணவில்லை. காக்கா சோப்புநீர் கொண்டுவந்து வால்வின் வாயில் தடவினார். சிறு குமிழி ஒன்று மெல்லப் பெருத்து உடைந்தது, பிறகு இன்னொன்று. வால்வின் உள்பின்னை மாற்றிக் காற்றடைத்துவிட்டு அன்று வேன் அரைமணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது.